குடியம் பாதையில் ஒரு திங்கட்கிழமை



கடந்த மூன்று ஞாயிற்றுக்கிழமைகளாக நான் இடது கையைக் கழுத்தோடு சேர்த்துக் கட்டிக்கொண்டு ஆராதனை நடத்துவதைக் கண்டீர்கள். திருவிருந்தின்போது பாத்திரத்தை உதவி ஆயர்தான் ஏந்த நேர்ந்தது. ஆராதனை முடிந்து வாசலில் நின்றபோது, "என்ன ஆயிற்று, ஐயா?" என்று கேட்டவர்களிடமெல்லாம், "கீழே விழுந்துவிட்டேன்" என்று மட்டும் சொன்னேன். குளியலறையில் வழுக்கி விழுந்ததாகப் பலர் எண்ணிக்கொண்டீர்கள். நானும் அதை மறுக்கவில்லை. பெண்கள் ஐக்கியத்தைச் சேர்ந்த ஒரு தாயார், குளியலறையில் போடுவதற்கென்று ரப்பர் விரிப்பு ஒன்றை வாங்கிவந்து கொடுத்தபோதுதான் எனக்கு வெட்கமாயிற்று.

நான் விழுந்தது குளியலறையில் அல்ல. பூண்டிக்கு அப்பால் குடியம் குகைகளுக்குச் செல்லும் காட்டுப்பாதையில், ஐம்பத்தாறு வயதில், மலைச் சைக்கிளின் ஹேண்டில்பாருக்கு மேலே பறந்து விழுந்தேன். இடது காறை எலும்பில் விரிசல். இதை மறைத்ததற்காக உங்களிடம் மன்னிப்புக் கேட்கிறேன். ஆனால் இக்கட்டுரை அதற்காக மட்டும் எழுதப்படவில்லை. நான் திருத்திக்கொள்ள வேண்டிய வேறொரு காரியம் உண்டு. அதைச் சொல்வதற்கு அந்தப் பாதையைப் பற்றி முதலில் சொல்ல வேண்டும்.

என்னோடு வந்த நண்பர் நம் சபையாரில் ஒருவர். அவர் யாரென்று உங்களில் பெரும்பாலோர் எளிதில் அறிந்துகொள்வீர்கள். பெயரை மட்டும் எழுத வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார். இதை வெளியிடுமுன் அவரிடம் வாசிக்கக் கொடுத்தேன். இரண்டு இடங்களில் திருத்தினார். இரண்டும் சைக்கிள் பாகங்களைப் பற்றியவை.

அம்பத்தூரிலும் ஆவடியிலும் வாழும் நமக்குச் சைக்கிள் புதிதல்ல. முருகப்பா குழுமத்தார் இங்கிலாந்து நிறுவனம் ஒன்றோடு சேர்ந்து 1949-ல் தொடங்கிய டி.ஐ. சைக்கிள்ஸ் நம் ஊரின் அடையாளமாகவே இருந்துவந்திருக்கிறது. பேருந்தில் நடத்துநர் அந்தப் பெயரைச் சொல்லித்தான் நிறுத்தத்தை அறிவிப்பார். நம் சபையின் மூத்த குடும்பங்களில் பல, 1964-ல் அமைந்த தொழிற்பேட்டையில் வேலை கிடைத்துத் தென்மாவட்டங்களிலிருந்து வந்து குடியேறியவை. காலைச் சங்கு ஊதுமுன் சாலை நிறையச் சைக்கிள்கள் சென்ற காலத்தை அவர்கள் இன்றும் சொல்லக் கேட்கலாம். என் தகப்பனாரும் சைக்கிளில் வாழ்ந்தவர். உபதேசியாராக இருந்த அவர், கறுப்பு ஹெர்குலிஸ் ஒன்றின் கேரியரில் வேதாகமத்தையும் பாட்டுப் புத்தகத்தையும் கட்டிக்கொண்டு, தேரிக்காட்டுச் செம்மணலில் பாதி தூரம் ஓட்டியும் பாதி தூரம் தள்ளியும் ஊர் ஊராகச் சென்றார். கல்லும் மணலுமான பாதையில் ஒருவர் வேடிக்கைக்காகச் சைக்கிள் ஓட்டுவார் என்று யாரேனும் சொல்லியிருந்தால், அவர் அந்த மனிதனுக்காக ஜெபித்திருப்பார்.

அந்த வேடிக்கை அமெரிக்காவில் கலிஃபோர்னியாவின் மாரின் மாவட்டத்தில் தொடங்கியது. அங்கே சில இளைஞர்கள், 1930களிலும் 40களிலும் செய்யப்பட்ட பழைய தடித்த டயர் சைக்கிள்களை மலைமேல் ஏற்றிக்கொண்டுபோய், மண்பாதையில் கீழ்நோக்கி விடுவார்கள். 1976-ல் அதை ஒரு பந்தயமாகவே நடத்தினார்கள். 'ரீபேக்' என்று அதற்குப் பெயர். அந்தச் சைக்கிள்களின் பிரேக், பின்சக்கரத்தின் அச்சுக்குள் இருந்தது. பெடலைப் பின்னோக்கி மிதித்தால் பிடிக்கும். ஒரே இறக்கத்தில் அது கொதித்து, உள்ளிருக்கும் கிரீஸ் முழுதும் புகையாய்ப் போய்விடும். ஒவ்வொரு முறையும் பிரித்துப் புதுக் கிரீஸ் அடைக்க வேண்டியிருந்ததால் அந்தப் பெயர் வந்தது. அடுத்த ஆண்டே ஜோ பிரீஸ் என்பவர் மலைக்கென்றே ஒரு சட்டத்தை வடிவமைத்துச் செய்தார். இருபது ஆண்டுகளுக்குள், 1996 அட்லாண்டா ஒலிம்பிக்கில் அது ஒரு போட்டியாகிவிட்டது. இவையெல்லாம் என் நண்பர் எனக்குச் சொன்னவை. கிரீஸ் கதையைச் சொல்லும்போது அவர் முகம் மலர்ந்ததை நான் கவனித்தேன். பல மாதங்களுக்குப் பிறகு அன்றுதான் அந்த முகம் மலரக் கண்டேன்.

சென்ற ஆண்டு லெந்து நாட்களில் அவருடைய மனைவி கர்த்தருக்குள் நித்திரையடைந்தார். அடக்க ஆராதனையை நான்தான் நடத்தினேன். அதன்பின் சில வாரங்கள் அவர் ஆலயத்திற்கு வந்தார். பிறகு வரவில்லை. வீடு சந்திப்புக்குப் பலமுறை சென்றேன். உட்காரச் சொல்லுவார், தேநீர் கொடுப்பார், நான் சொல்வதைத் தலையசைத்துக் கேட்பார், ஜெபத்தின் முடிவில் ஆமென் என்பார். நான் வெளியே வந்து செருப்பை மாட்டும்போது, மூடிய கதவோடு பேசிவிட்டு வந்ததாகத் தோன்றும். யோபுவின் நண்பர்கள் முதல் ஏழு நாள் பேசாதிருந்தார்கள் என்பதைப் பற்றி நானே மூன்று முறையாவது பிரசங்கித்திருக்கிறேன். ஆனாலும் துக்க வீட்டில் இரண்டு நிமிடம் மௌனமாயிருக்க எனக்குத் தெரியவில்லை. மதுரை அரசரடி இறையியல் கல்லூரியில் படித்த நாள் முதல், பேசுவதே என் வேலை என்று பழகிவிட்டேன்.

ஒரு திங்கட்கிழமை சென்றபோது, திண்ணையில் ஒரு மலைச் சைக்கிள் பாகம் பாகமாகப் பிரித்துப் போடப்பட்டிருந்தது. பணி ஓய்வு பெற்றபோது வாங்கியது, ஓட்டவே இல்லை, இப்போது பிரித்துப் பிரித்து மாட்டுகிறேன் என்றார். வேறு வேலை இல்லை என்பதையும் சொன்னார். நான் ஆறுதலாக ஏதோ சொல்ல வாயெடுத்தேன். அவர் இடைமறித்து, "ஐயா, இந்த வீலைக் கொஞ்சம் பிடிங்க" என்றார். பிடித்தேன். அவர் ஆணியைச் சுற்றிக் கோட்டம் எடுத்தார். ஒரு மணி நேரம் ஆயிற்று. அன்று நான் ஜெபிக்க மறந்துபோனேன். புறப்படும்போது, "அடுத்த திங்கள் வருவீங்களா?" என்று அவரே கேட்டார். அதற்குமுன் அவர் அப்படிக் கேட்டதே இல்லை.

ஆயர்களுக்குத் திங்கட்கிழமைதான் ஓய்வுநாள் என்பதை நீங்கள் அறிவீர்கள். (அறிந்தும் அன்றே பலர் தொலைபேசியில் அழைப்பீர்கள். அது வேறு விஷயம்.) பழைய சைக்கிள் ஒன்றை எனக்காக அவர் வாங்கிச் சீர்செய்தார். முதலில் அம்பத்தூர் ஏரிப் பக்கம், பிறகு ஆவடியின் பருத்திப்பட்டு ஏரி, பிறகு பூந்தமல்லிக்கு அப்பால் செம்பரம்பாக்கத்தை அடுத்த மண்பாதைகள் என்று, விடியுமுன் புறப்பட்டு வெயில் ஏறுமுன் திரும்புவோம். இறக்கத்தில் சீட்டைவிட்டு எழுந்து உடலைப் பின்னுக்குத் தள்ள வேண்டும் என்றும், இரண்டு பெடலும் ஒரே மட்டத்தில் இருக்க வேண்டும் என்றும், இல்லாவிட்டால் கீழே இருக்கும் பெடல் கல்லில் இடித்துத் தள்ளிவிடும் என்றும் கற்றுக்கொடுத்தார். தார்ச்சாலைக்குரிய காற்று கல்பாதைக்கு ஆகாது, டயர் கல்லின்மேல் துள்ளும், கொஞ்சம் இறக்கினால்தான் பற்றும். அதிகம் இறக்கினால் ரிம்முக்கும் கல்லுக்கும் நடுவில் ட்யூப் நசுங்கிப் பஞ்சராகும். முன்பிரேக்தான் வண்டியை உண்மையாக நிறுத்துவது, ஆனால் உதிரிக் கல்லில் அதைச் சடாரென்று பிடித்தால் வண்டி நின்றுவிடும், ஓட்டுகிறவர் நிற்கமாட்டார். இதையும் சொன்னார். அதை நான் கேட்டுக்கொண்டேன் என்பதைப் பின்னால் வரும் பகுதிக்காகக் குறித்துக்கொள்ளுங்கள்.

அவர் சொன்ன இன்னொன்று: "கல்லைப் பாக்காதீங்க, ஐயா. எதைப் பாக்கிறீங்களோ அங்கதான் வண்டி போகும். கல்லுக்குப் பக்கத்துல இருக்கிற வழியப் பாருங்க." அது அப்படியே உண்மை. பாறையைப் பயந்து உற்றுப் பார்த்தால், முன்சக்கரம் நேரே அதில்தான் போய் ஏறுகிறது. அடுத்த ஞாயிறே இதைப் பிரசங்கத்தில் எடுத்துக்காட்டாகச் சொல்லிவிட்டேன். உங்களில் சிலர் பாராட்டினீர்கள். சொன்னவர் அதைக் கேட்க ஆலயத்தில் இல்லை. காண்பதையெல்லாம் பிரசங்கத்துக்கு உதாரணமாக்கிக்கொள்வது எங்கள் ஊழியத்தில் ஒரு வியாதி.

ஆறு மாதம் இப்படிப் போனபின், பிப்ரவரியில், குடியம் போகலாம் என்றார். வெயில் கடுமையாகுமுன் போய்விட வேண்டும்.

குடியம் நம் பகுதியிலிருந்து மேற்கே, திருவள்ளூரைக் கடந்து, பூண்டி நீர்த்தேக்கத்துக்கு அப்பால் இருக்கிறது. சென்னையிலிருந்து ஏறக்குறைய 60 கிலோமீட்டர். பூண்டி வரை சபையார் ஒருவரின் குட்டி யானையில் சைக்கிள்களை ஏற்றிக்கொண்டு போனோம். 1944-ல் கொசஸ்தலை ஆற்றின் குறுக்கே கட்டி முடிக்கப்பட்டு, சென்னை மேயராயிருந்த சத்தியமூர்த்தியின் பெயரைத் தாங்கும் அந்த அணையின்மேல் காலை வெளிச்சம் அழகாயிருந்தது. அங்கிருந்து சிறு சாலைகளில் மிதித்துக் குடியம் ஊரை அடைந்தோம். அதற்குமேல் காப்புக்காடு. முன்கூட்டியே வனத்துறையிடம் அனுமதி கேட்டிருந்தோம். காவலரிடம் பெயரையும் நேரத்தையும் சொன்னோம். நான்கு மணிக்குள் வெளியே வந்துவிடுங்கள் என்றார்.

அந்தப் பாதையின் கற்களைப் பற்றிச் சொல்ல வேண்டும், ஏனெனில் என் காறை எலும்பை உடைத்தவை அவைதான். அல்லிக்குழி மலை என்று வழங்கும் அந்தக் குன்றுகள் நம் பல்லாவரம் மலைபோல ஒரே பாறையால் ஆனவை அல்ல. பழங்காலத்தில் ஆற்றுநீர் உருட்டி வழவழப்பாக்கிய கூழாங்கற்கள், முட்டை அளவு முதல் பூசணி அளவு வரை, மண்ணோடு இறுகிப் பாறையாகி நிற்கின்றன. சாந்தில் கல் பதித்த சுவரைப்போல் தோன்றும். மழையில் அந்தச் சாந்து கரையும்போது கற்கள் ஒவ்வொன்றாகக் கழன்று பாதையில் வந்து விழுகின்றன. ஆகவே அங்கே கல் உறுதியாய் நிற்பதில்லை. மேலே சக்கரம் ஏறியதும் உருளுகிறது.

ஆனால் அதே கற்களுக்காகத்தான் மனிதன் அங்கே வந்தான். நல்ல உறுதியான குவார்ட்சைட். அதை உடைத்தால் கூரிய விளிம்பு கிடைக்கும். 1863-ல் ராபர்ட் புரூஸ் ஃபூட் என்ற நிலவியலாளர் பல்லாவரத்தில் ஒரு கற்கருவியைக் கண்டெடுத்தார். அதே ஆண்டில், குடியத்துக்கு அருகேயுள்ள அதிரம்பாக்கத்தில் அவரும் அவருடன் பணியாற்றிய வில்லியம் கிங்கும் ஏராளமான கைக்கோடரிகளைக் கண்டார்கள். அதிரம்பாக்கத்துக் கருவிகளில் மிகப் பழையவை ஏறக்குறைய 15 லட்சம் ஆண்டுகளுக்கு முற்பட்டவை என்று 2011-ல் ஆய்வாளர்கள் வெளியிட்டார்கள். இந்த எண்ணைக் கேட்டால் சிலருக்கு வேதத்தின் முதல் அதிகாரத்தைப் பற்றிக் கேள்வி எழும். அதை இன்னொரு வாரம் பேசுவோம். அன்று என் மனதில் ஓடியதெல்லாம் ஒன்றே: இத்தனை காலம் மனிதர் நடந்த வழியில், சக்கரத்தை ஒரு முழ தூரம் நேராகச் செலுத்த நான் இவ்வளவு பாடுபடுகிறேன்.

ஏற்றத்தில் பாதியைத் தள்ளியே கடந்தோம். ஓட்டக்கூடிய இடங்களில் அவர் முன்னே செல்வார், நான் பின்னே. ஒற்றையடிப் பாதையில் இருவர் அருகருகே செல்ல முடியாது. மூச்சு வாங்கும்போது பேசவும் முடியாது. அவருடைய பின்சக்கரம் எந்தக் கல்லுக்கு இடப்புறம் சென்றது, எதற்கு வலப்புறம் சென்றது என்பதை மட்டும் பார்த்துக்கொண்டு போனேன். பாதை பிரியும் இடங்களில் அவர் நிற்பார். நான் கண்ணில் பட்டதும் கை காட்டிவிட்டு நகர்வார். "பிரியிற இடத்துல நின்னு, பின்னால வர்றவர் தெரிஞ்ச பிறகுதான் கிளம்பணும். ஆளைத் தவறவிட்டா, கடைசியா நின்ன இடத்துலயே இருக்கணும். காட்டுல அதுதான் சட்டம்" என்று காலையிலேயே சொல்லியிருந்தார்.

குகை என்கிறோம், உண்மையில் அது மலையின் விலாவில் குடைந்த பெரும் முற்றம் போன்றது. தலைக்குமேல் அந்தக் கூழாங்கல் கூரை வெகு உயரத்தில் வளைந்து நின்றது. அங்கே ஜெபிக்க வேண்டும் என்று வரும் வழியெல்லாம் வார்த்தைகளைச் சேர்த்துவைத்திருந்தேன். அண்ணாந்து பார்த்தால், கூரையிலிருந்து பெரிய தேன்கூடுகள் தொங்கின. நண்பர் உதட்டில் விரலை வைத்தார். சத்தமிட்டால் தேனீக்கள் கலையும். ஆகவே இருவரும் ஒரு கல்லில் உட்கார்ந்து, கொண்டுவந்த இட்லியைப் பேசாமல் தின்றோம். சற்று நேரம் கழித்து அவர் மெல்லிய குரலில், "அவ இருந்திருந்தா, இந்த வயசுல இது தேவையான்னு கேட்டிருப்பா. கேட்டுட்டு மிளகாய்ப் பொடியும் கட்டிக் குடுத்திருப்பா" என்றார். எனக்குப் பதில் சொல்ல வேண்டும்போல் இருந்தது. தேனீக்களுக்குப் பயந்து சும்மாயிருந்தேன்.

திரும்பும்போது நான் முன்னே போகிறேன் என்றேன். இறக்கம் எனக்குப் பிடித்துப்போயிற்று. இதை ஒளிக்க விரும்பவில்லை. கல் உருள, சக்கரம் அதன்மேல் வழுக்கிக்கொண்டே நேராவதும், முழங்கால் வளைந்து கொடுத்து அதைத் தாங்குவதும், முகத்தில் காற்று அடிப்பதும் எனக்குள் எங்கோ பன்னிரண்டு வயதுப் பையன் ஒருவனை எழுப்பிவிட்டன. முதல் பிரிவில் நிற்கவில்லை. பாதை தெரிந்ததுதானே என்று போய்விட்டேன். இரண்டாம் பிரிவிலும் அப்படியே. சமதரைக்கு வந்து நின்று, சிரித்துக்கொண்டே திரும்பிப் பார்த்தேன். பின்னால் யாரும் இல்லை.

ஐந்து நிமிடம், பத்து நிமிடம் ஆயிற்று. கைப்பேசியில் சிக்னல் இல்லை. கூப்பிட்டேன். ஒரு பறவை எழுந்து பறந்ததே தவிர, பதில் இல்லை. அவருக்கு இரத்த அழுத்தம் உண்டு, வயது அறுபத்தொன்று. ஆளைத் தவறவிட்டால் நின்ற இடத்திலேயே இருக்க வேண்டும் என்ற சட்டம் நினைவில் வராமல், சைக்கிளைத் திருப்பி மேலே விரைந்தேன். மிதித்தேன், இறங்கித் தள்ளினேன், மறுபடி ஏறினேன். ஒரு மேட்டின் மறுபுறம் சின்ன பள்ளம் இறங்கியது. பள்ளத்தின் அடியில் உருண்டைக் கற்கள் குவிந்து கிடந்தன. அவற்றைப் பார்த்தேன். கற்களை மட்டுமே பார்த்தேன். முன்பிரேக்கை முழுதும் பிடித்தேன்.

வண்டி நின்றது.

என் சத்தம் கேட்டு அவர் நடந்து வந்தார். நான் முதலில் கடந்துபோன அந்தப் பிரிவிலேயே, சட்டத்தின்படி, ஒரு மரத்தடியில் உட்கார்ந்து காத்திருந்திருக்கிறார். செயின் கழன்று, மாட்டிக்கொண்டு நிமிர்ந்தபோது என்னைக் காணவில்லையாம். கோபித்துக்கொள்ளவில்லை. தோளைத் தொட்டுப் பார்த்து, "எலும்புதான்" என்றார். பையிலிருந்து மடித்த துணி ஒன்றை எடுத்தார். சைக்கிள் துடைக்க அவர் வைத்திருந்த கந்தல்கள் எப்போதும் பையின் வெளிப்புறத்தில் இருக்கும். இது உள்ளே, பிளாஸ்டிக் உறையில் இருந்தது. நீல நிறப் பருத்திப் புடவையின் ஒரு பாகம். அந்தப் புடவையை நான் அறிவேன். ஞாயிறு ஓய்வுநாள் பள்ளிக்கு அந்த அம்மாள் அதைத்தான் உடுத்திக்கொண்டு வருவார். அதை முக்கோணமாக மடித்து, என் கையை ஏந்தி, கழுத்துக்குப் பின்னால் முடிச்சுப் போட்டார்.

ஊர் வரை ஏறக்குறைய இரண்டு கிலோமீட்டர் நடக்க வேண்டியிருந்தது. என்னால் சைக்கிளைத் தொட முடியவில்லை. அந்தக் கல்லில் ஒருவர் இரண்டு வண்டிகளைச் சேர்த்துத் தள்ளவும் முடியாது. ஆகவே அவர் தம்முடையதை ஐம்பதடி முன்னால் கொண்டுபோய்ச் சாய்த்துவிட்டுத் திரும்பி வருவார். என்னுடையதை எடுத்துக்கொண்டு மறுபடி போவார். நான் நடந்த ஒவ்வோர் அடிக்கும் அவர் மூன்று அடி நடந்தார். இரண்டு கிலோமீட்டருக்கு ஆறு கிலோமீட்டர். போகும்போதும் வரும்போதும் என்னைக் கடப்பார். அப்படிக் கடக்கையில்தான், துண்டு துண்டாக, அவர் பேசத் தொடங்கினார்.

"ஐயா, அடக்க ஆராதனையில ஒண்ணு சொன்னீங்க" என்றார் முதலில். சொல்லிவிட்டு வண்டியோடு போய்விட்டார்.

திரும்பி வந்தபோது: "கணவர் கையைப் பிடிச்சுக்கிட்டே அவங்க சமாதானமா போனாங்கன்னு சொன்னீங்க."

சொன்னேன். எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. அன்று அதிகாலை நான் மருத்துவமனைக்குச் சென்றபோது, அவர் கட்டிலருகே அமர்ந்து அந்த அம்மாளின் கையைப் பிடித்திருந்தார். நான் கண்டது அவ்வளவே. மீதியை நானே சேர்த்துக்கொண்டேன். சொல்வதற்கு நன்றாயிருந்தது. பலர் கண்ணீர் விட்டீர்கள்.

மறுபடி வண்டி. மறுபடி காலடிச் சத்தம்.

"நான் அங்க இல்ல, ஐயா. ராத்திரி முழுக்க இருந்தேன். விடியக்காலை கீழ டீ குடிக்கப் போனேன். பத்து நிமிஷம். மேல வந்தப்போ நர்ஸம்மா போர்வையை இழுத்துவிட்டுக்கிட்டு இருந்தாங்க."

நான் நின்றுவிட்டேன். அவர் நிற்கவில்லை.

அடுத்த முறை கடக்கும்போது சொன்னார்: "எல்லார் முன்னாலயும் சொல்லிட்டீங்க. நான் எப்படி இல்லைன்னு சொல்றது? அதுக்கப்புறம் கோயிலுக்கு வந்தா யாராவது ஒருத்தர் கையைப் பிடிச்சுக்கிட்டு, கடைசி நேரத்துல பக்கத்துல இருந்தீங்களே, அந்தப் பாக்கியம் யாருக்குக் கிடைக்கும்னு சொல்லுவாங்க. ஆறுதலாத்தான் சொல்றாங்க. எனக்கு வீட்டுக்குப் போய் சாப்பாடு இறங்காது. அதான் வர்றதை விட்டுட்டேன்."

நான், "மன்னிச்சிடுங்க, அண்ணே" என்றேன். வேறெதுவும் சொல்லவில்லை. சொல்லக்கூடிய நல்ல வார்த்தைகள் எனக்குள் வரிசையாக எழுந்து நின்றன. ஒன்றையும் எடுக்கவில்லை. அவர் என் முகத்தைச் சற்று நேரம் பார்த்துவிட்டு, சாய்த்து வைத்த சைக்கிளை எடுக்கத் திரும்பிப் போனார். மூன்று மணி நாற்பதுக்கு ஊர் எல்லையில் காவலர் எங்களைக் கண்டு எழுந்து வந்தார்.

பிரியமானவர்களே, இதுதான் நான் திருத்த வேண்டிய காரியம். அடக்க ஆராதனையில் உங்கள் முன் நான் சொன்னது உண்மையல்ல. அறிந்து சொன்ன பொய்யல்ல. ஆனால் அறியாததை அறிந்ததுபோல் சொன்னேன். அங்கே சொன்னதை இங்கே, நீங்கள் எல்லோரும் வாசிக்கும் இடத்தில், திரும்பப் பெற்றுக்கொள்கிறேன். அவரைச் சந்திக்கும்போது அந்தச் சொல்லை அவரிடம் இனிச் சொல்லாதிருக்கும்படி உங்களைக் கேட்டுக்கொள்கிறேன். சொல்லியிருந்தால் வருந்த வேண்டாம். என்னை நம்பித்தான் சொன்னீர்கள். இதை ஆலயத்திலேயே அறிவிக்கட்டுமா என்று அவரிடம் கேட்டேன். "வேண்டாம், ஐயா. எழுதுங்க. படிக்கிறவங்க அவங்க நேரத்துல படிச்சுக்குவாங்க" என்றார். ஆலயத்திற்கு எப்போது வருவீர்கள் என்று நான் கேட்கவில்லை.

சென்ற திங்கட்கிழமை அவர் வீட்டுத் திண்ணைக்குப் போனேன். என் சைக்கிளின் முன்சக்கரம் கோணிப்போய், தலைகீழாக நிறுத்திய வண்டியில் மாட்டியிருந்தது. அவர் அதைச் சுற்றிவிட்டு, ரிம் எந்த இடத்தில் சுண்ணாம்புக்கட்டியில் உரசுகிறது என்று பார்த்தார். உரசிய இடத்தில் ஒரு பக்கத்துப் போக்ஸ் கம்பியைக் கால் திருகு இறுக்கி, எதிர்ப்பக்கத்துக் கம்பியைக் கால் திருகு தளர்த்தினார். ஒரே இடத்தில் முழுத் திருகு கொடுத்தால் வேறிடத்தில் கோணும் என்றார். எனக்கு ஒரு கைதான் வேலை செய்தது. சாவியை அந்தக் கையில் கொடுத்தார். உள்ளே அடுப்பில் பால் பொங்கும் சத்தம் கேட்டு எழுந்து போனார்.

மருத்துவர் ஆறு வாரம் என்றிருக்கிறார். அதன்பின் மே மாத வெயில் வந்துவிடும். மழைக்குப் பிறகு போகலாம் என்று நண்பர் சொல்கிறார். இறக்கத்தில் முன்னே போவது யார் என்பதையும் அவரே தீர்மானித்துவிட்டார்.